வீட்டு கேரேஜிலேயே 800 குதிரைத்திறன்? அமெரிக்க மசில் கார்களும் சூப்பர்சார்ஜர் மோகமும்... சிக்கல் எங்கே?

சனிக்கிழமை காலை கேரேஜ் கதவைத் திறந்து பானெட்டைத் தூக்கினால், ஞாயிறு இரவுக்குள் காரின் சக்தி ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். அமெரிக்காவில் இது வெறும் கனவு இல்லை. அதற்கான சூப்பர்சார்ஜர் கிட், அட்டைப்பெட்டியில் வீட்டு வாசலுக்கே வந்து இறங்குகிறது.

ஆனா, அதே வார இறுதியில் எஞ்சினும் போகலாம், வாரன்டியும் போகலாம். சட்டத்தின் பிடியிலும் மாட்டலாம். காசு கொடுத்து வாங்கிய சொந்த காரை, சொந்த கேரேஜில் வைத்து மாற்றுவதில் அப்படி என்ன பிரச்னை? விரிவாகப் பார்க்கலாம்.

ஏன் இப்போது இந்த மோகம்?

பெரிய வி8 எஞ்சின், பின்சக்கர இயக்கம், உறுமும் சத்தம். மசில் கார் என்றாலே அமெரிக்கர்களுக்கு இதுதான் ஞாபகம் வரும். அந்தப் பட்டியல் இப்போது சுருங்கிவிட்டது. டாட்ஜ் சேலஞ்சர் உற்பத்தி 2023 டிசம்பரில் நின்றது. ஷெவ்ரோலே கமேரோ 2024 மாடலோடு விடைபெற்றது. டாட்ஜின் புதிய சார்ஜர், எலக்ட்ரிக்காகவும் ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சினோடும் வந்தது. வி8 எஞ்சினைக் கைவிடாமல் தொடர்ந்தது ஃபோர்டு மஸ்டாங் மட்டும்தான்.

புதிதாக வாங்க வழி குறைந்தால் என்ன செய்வார்கள்? கையில் இருக்கும் காரையே பலமாக்குவார்கள். 2024 மஸ்டாங் ஜிடி காரின் சக்தி 480 குதிரைத்திறன். ஃபோர்டின் சொந்தப் பிரிவே விப்பிள் நிறுவனத்தோடு சேர்ந்து, அதை 800 ஆக உயர்த்தும் கிட்டை விற்கிறது. விலை சுமார் 10,000 டாலர். நம்ம பணத்தில் 8 லட்சம் ரூபாய்க்கு மேல்!

சூப்பர்சார்ஜர் என்ன செய்கிறது?

விஷயம் ரொம்ப சிம்பிள். எஞ்சினுக்கு சக்தி வேண்டுமென்றால் அதிக பெட்ரோல் எரிய வேண்டும். அதிக பெட்ரோல் எரிய அதிக காற்று வேண்டும். சாதாரண எஞ்சின் காற்றைத் தானாக உறிஞ்சிக்கொள்ளும். சூப்பர்சார்ஜர் அந்தக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். அவ்ளோதான்.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதன் மேல் 7 பிஎஸ்ஐ கூடுதலாகக் கொடுத்தால், சிலிண்டருக்குள் போகும் காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகும். டர்போ இதே வேலையைப் புகைக்காற்றின் வேகத்தை வைத்துச் செய்யும். சூப்பர்சார்ஜரோ எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து பெல்ட் மூலம் நேராகச் சுழலும். அதனால் ஆக்சிலரேட்டரை மிதித்த உடனே பலன் தெரியும்.

ஆனா இதற்கும் ஒரு விலை உண்டு. காற்றை அழுத்தினால் அது சூடாகும். சூடான காற்றும் அதிக அழுத்தமும் சேர்ந்தால், ஸ்பார்க் பிளக் பொறி கொடுத்தபின் சுடர் பரவி முடிவதற்குள், மீதமுள்ள பெட்ரோல் கலவை தானாகவே வெடிக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள். சில விநாடிகள் கடுமையாக நடந்தாலே பிஸ்டன் உடையலாம். இன்டர்கூலரும் உயர் ஆக்டேன் பெட்ரோலும் கட்டாயம் என்பது இதனால்தான்.

வீட்டில் பொருத்தும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

கிட்டைப் பொறுத்து வேலை மாறும். பொதுவான வரிசை இதுதான். பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். எரிபொருள் குழாயின் அழுத்தத்தை இறக்கி, கூலன்ட்டை வடிக்க வேண்டும். பழைய இன்டேக் மேனிஃபோல்டை எடுத்துவிட்டு பெரிய இன்ஜெக்டர்களையும் சூப்பர்சார்ஜரையும் உட்கார வைக்க வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலருக்கான ஹீட் எக்ஸ்சேஞ்சரையும், அதற்கான பம்பையும் பொருத்த வேண்டும். பல கிட்களில் ஸ்பார்க் பிளக்கும் மாறும்.

கை பழகியவர்களுக்கே இது ஒரு வார இறுதியை விழுங்கும் வேலை. மேனிஃபோல்டை எடுத்ததும் சிலிண்டருக்குப் போகும் துளைகள் திறந்து கிடக்கும். அதில் ஒரு சின்ன நட்டு விழுந்து, அதைக் கவனிக்காமல் ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் காலி. எடுத்த உடனே துளைகளை டேப் போட்டு மூடுவது அனுபவசாலிகளின் முதல் பாடம்.

ஷெவ்ரோலேயின் எல்எஸ் வகை எஞ்சின்களில் இன்னொரு பொறி இருக்கிறது. கிராங்க் புல்லி, சாவி எதுவும் இல்லாமல் வெறும் இறுக்கத்தில்தான் நிற்கும். சூப்பர்சார்ஜரின் இழுவையில் அது நழுவாமல் இருக்க, துளையிட்டு பின் அடிக்க வேண்டியிருக்கும். துளை கோணலானால் திருத்துவது சுலபமல்ல.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டிப் பரவும். பல அமெரிக்க வீடுகளில் கேஸ் வாட்டர் ஹீட்டர் கேரேஜிலேயே இருக்கும். தீ பற்றவைக்கும் பாகம் தரையிலிருந்து 18 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும் என்று அங்குள்ள கட்டட விதிகள் சொல்வது இந்த ஆபத்துக்காகத்தான். எரிபொருள் குழாயைக் கழற்றும் முன் ஹீட்டரை அணைக்காதவர், எஞ்சினை மட்டுமல்ல, வீட்டையே பணயம் வைக்கிறார்.

போல்ட்டை விட சாஃப்ட்வேர்தான் சிக்கல்

எல்லாம் பொருத்தியாச்சு, ஓட்டலாமா? முடியாது. எவ்வளவு காற்று வருகிறது, எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எப்போது பொறி கொடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது காரின் கம்ப்யூட்டர். புதிய காற்றளவுக்கு ஏற்ப அதன் புரோகிராமை மாற்றாவிட்டால், பெட்ரோல் குறைந்து சிலிண்டர் கொதித்துவிடும். இந்த வேலைக்குப் பெயர் 'டியூனிங்'.

இங்கேதான் கார் நிறுவனங்கள் பூட்டு போடுகின்றன. 2015-க்குப் பிந்தைய டாட்ஜ் கார்களில் கம்ப்யூட்டரை 'அன்லாக்' செய்த பிறகே டியூன் செய்ய முடியும். 2024 மஸ்டாங்கில் பாதுகாப்பு இன்னும் இறுக்கம். வெளியாட்கள் டியூன் செய்வது முன்பைவிடக் கடினமாக இருக்கும் என்று, கார் அறிமுகமான சமயத்திலேயே ஃபோர்டு தரப்பு சொல்லிவிட்டது. ஹேக்கர்களிடமிருந்து காப்பாற்ற என்கின்றன நிறுவனங்கள். என் காருக்கு எனக்கே சாவி இல்லையா என்கிறார்கள் ரசிகர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி, காரின் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைச் செயலிழக்கச் செய்வது குற்றம். 1990 திருத்தத்துக்குப் பிறகு இது தனிநபருக்கும் பொருந்தும். நடைமுறையில் மத்திய அரசின் நடவடிக்கை, பெரும்பாலும் கருவிகளைத் தயாரித்து விற்கும் நிறுவனங்கள் மீதே பாய்கிறது.

கலிஃபோர்னியாவில் கெடுபிடி அதிகம். சூப்பர்சார்ஜர் கிட்டை மாநிலத்தின் காற்று வள வாரியம் சோதித்து, 'எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர்' எண் கொடுத்திருக்க வேண்டும். அந்த எண் எழுதிய ஸ்டிக்கர் பானெட்டுக்குள் இருக்க வேண்டும். 2021 ஜூலை முதல், புகைச் சோதனையில் கம்ப்யூட்டர் புரோகிராமையும் பார்க்கிறார்கள். அனுமதியில்லாத டியூன் இருந்தால், புகை சுத்தமாக வந்தாலும் கார் தேறாது!

1975 மற்றும் அதற்கு முந்தைய கார்களுக்கு அங்கே புகைச் சோதனையே இல்லை. இந்த விலக்கை 35 வயது கடந்த, கலெக்டர் காராக இன்சூரன்ஸ் எடுத்த கார்களுக்கும் தர வேண்டும் என்று வந்த 'லெனோ சட்டம்' மசோதா, 2025 ஆகஸ்டில் குழு நிலையிலேயே முடங்கியது. "ரேஸ் டிராக்கில் மட்டும்தான் ஓட்டுவேன்" என்பவர்களுக்குப் பாதுகாப்பு கேட்கும் ஆர்.பி.எம். மசோதாவும், 2016 முதல் நாடாளுமன்றத்தில் பலமுறை கொண்டுவரப்பட்டும் கரை சேரவில்லை.

வாரன்டி போயிடுமா?

முழுசா போயிடும் என்பது பாதி உண்மைதான். 1975-ன் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளிப் பாகம் பொருத்தியதை மட்டும் காரணம் காட்டி மொத்த வாரன்டியையும் மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று காட்ட வேண்டும். ஏசி கெட்டுப்போனால் சூப்பர்சார்ஜரைக் குறை சொல்ல முடியாது. ஆனா பிஸ்டன் உடைந்தால்? அந்த வாதத்தில் ஜெயிப்பது ரொம்பக் கஷ்டம்.

ஃபோர்டின் சொந்த கிட்டுக்கு 3 ஆண்டு அல்லது 36,000 மைல் வாரன்டி உண்டு. அதற்கும் ஒரு நிபந்தனை: டீலரோ, சான்றிதழ் பெற்ற மெக்கானிக்கோ பொருத்தியிருக்க வேண்டும். அதாவது, கூலியை மிச்சம் பிடிக்க வீட்டில் நீங்களே பொருத்தினால், அந்தப் பாதுகாப்பும் போய்விடும். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால், விபத்தின்போது இழப்பீட்டிலும் சிக்கல் வரலாம்.

அப்போ செய்யலாமா, வேண்டாமா?

பெட்டியின் மேல் போட்டிருக்கும் விலை மொத்தச் செலவு இல்லை. டியூனிங், உயர் ஆக்டேன் பெட்ரோல், 800 குதிரைத்திறனைத் தாங்கும் டயர், பிரேக் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு போட வேண்டும். அனுமதி எண் உள்ள கிட், அந்த கிட்டோடு வரும் டியூன், அவசரமில்லாத கை... இந்த மூன்றும் இருந்தால் வீட்டிலும் முடியும். முதல் நூறு மைல் மெதுவாக ஓட்டி, எஞ்சின் தரவுகளைப் பதிவு செய்து பார்த்த பிறகே முழு வேகம்.

இதில் ஒன்று குறைந்தாலும், 10,000 டாலர் கொடுத்து வாங்கியது சக்தியாக இருக்காது. அடுத்த எஞ்சினுக்கான பில்லாகத்தான் இருக்கும்.