எது மெய்க் கிறிஸ்தவம்?

அமெரிக்காவில் தோன்றிய மார்மன் மதத்தார் தங்களையே மெய்யான கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளுகிறார்கள். ரோமன் கத்தோலிக்கரும் பிராட்டஸ்டண்டு சபையாரும் மார்மன் மதம் தங்கள் கிறிஸ்தவத்தில் சேராது என்கிறார்கள். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நமக்கு ஆசையில்லை. ஆனால் இரு கட்சியாரும் ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொள்ளும் கேள்விகள் நமக்கு மிகவும் உபயோகமானவை. பக்கத்து வீட்டான் அற்புதத்தைச் சோதிக்க மட்டும் அறிவை வெளியே எடுத்து, தன் வீட்டு அற்புதம் வந்ததும் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டும் வித்தையை இங்கே பார்க்கலாம். வானத்தைப் பற்றி இவ்வளவு சண்டை போடுகிறவர்கள், பூமியில் மனிதனை மேல் கீழ் என்று பிரிப்பதில் எவ்வளவு ஒற்றுமையாயிருந்தார்கள் என்பதையும் பார்க்கலாம்.

முதலில் வித்தியாசத்தைச் சொல்லிவிடுவோம். நியூயார்க் மாகாணத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர், மொரோனி என்ற தேவதூதன் காட்டிய இடத்தில் பொன் தகடுகளை எடுத்ததாகவும், அவற்றைத் தெய்வ சகாயத்தால் மொழிபெயர்த்ததாகவும் சொல்லி, 1830-ல் மார்மன் புத்தகத்தை அச்சிட்டார். அதே வருஷம் சபையும் கண்டார். கிறிஸ்துவுக்குச் சுமார் 600 வருஷத்துக்கு முன் எருசலேமிலிருந்து ஒரு குடும்பம் கப்பலேறி அமெரிக்கா சேர்ந்ததாம். உயிர்த்தெழுந்த இயேசு அங்கேயும் போய்ப் பிரசங்கம் செய்தாராம்.

கி.பி. 325-ல் நிசேயாவில் கூடிய பிஷப்புகள் பிதாவும் குமாரனும் ஒரே பொருள் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த வழியில் வந்த சபைகளுக்குப் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள். மார்மன்களுக்கோ மூவரும் தனித்தனி ஆட்கள். பிதாவுக்குச் சதையும் எலும்பும் உள்ள தேகமே உண்டு. அவர்கள், கடவுள் ஒன்றுமில்லாததிலிருந்து உலகைப் படைத்தார் என்பார்கள். இவர்கள், பொருள் அநாதி, கடவுள் அதை ஒழுங்குபடுத்தியவர் என்பார்கள். அவர்களுக்கு வேதம் பைபிளோடு முடிந்தது. இவர்களுக்கு மேலும் மூன்று நூல்கள் உண்டு; தலைவருக்கு இன்றைக்கும் வெளிப்பாடு வரும். தகுதியுள்ள மனிதன் கடவுள் நிலையையே அடையலாம் என்பதும், செத்த மூதாதைகளுக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறலாம் என்பதும் இவர்கள் கொள்கை.

2001-ல் ரோமாபுரி, மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று அறிவித்தது. மார்மன்களோ, அப்போஸ்தலர் காலத்துக்குப் பின் தெய்வ அதிகாரமே பூமியில் அற்றுப்போயிற்று என்று சொல்லி, தங்களிடம் வரும் கத்தோலிக்கரை மறுபடியும் தண்ணீரில் முழுக்குகிறார்கள். தண்ணீர் ஒன்று, இயேசுவின் பேர் ஒன்று. ஆனாலும் ஒருவர் முழுக்கு மற்றவருக்கு வெறும் குளியல்!

"அந்தப் பொன் தகடுகள் எங்கே?" என்று பாதிரிமார் கேட்கிறார்கள். தேவதூதன் திரும்ப வாங்கிக்கொண்டான் என்பது பதில். பாதிரியார் சிரிக்கிறார், நாமும் சிரிக்கிறோம். ஆனால் சினாய் மலையில் மோசே வாங்கிய கற்பலகைகள் எங்கே என்று கேட்டால் பாதிரியார் சிரிப்பு நின்றுவிடுகிறது. இதைப் பார்த்து நமது சைவ மெய்யன்பர்கள் மகிழவேண்டியதில்லை. வைகை வெள்ளத்தை எதிர்த்துப்போன சம்பந்தர் ஏடு எந்தப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது?

ஒரே ஒரு சான்று மட்டும் தப்பித் தவறிச் சோதனைக்கு அகப்பட்டது. 1835-ல் எகிப்து மம்மிகளோடு வந்த பாப்பிரஸ் சுருள்களை மார்மன்கள் விலைக்கு வாங்கினார்கள். அது ஆபிரகாமின் எழுத்து என்று ஸ்மித் சொல்லி, அதிலிருந்து ஒரு வேதமே செய்தார். அச்சுருள்களின் சில துண்டுகள் 1967-ல் நியூயார்க் பொருட்காட்சிச் சாலையிலிருந்து வெளிவந்தன. எகிப்திய எழுத்தறிந்தவர்கள் படித்தார்கள். பிணத்தோடு வைக்கும் ஈமச்சடங்கு நூல் என்று கண்டார்கள். ஆபிரகாம் பேர்கூட அத்துண்டுகளில் இல்லை. அதற்காகச் சபையை மூடினார்களா? வியாக்கியானத்தை மாற்றிக்கொண்டார்கள்.

நிற்க. இவற்றையெல்லாம்விட நமக்கு முக்கியமான சங்கதி தோலைப் பற்றியது. கீழ்ப்படியாத கூட்டத்தார்மேல் கடவுள் கறுத்த தோலைச் சாபமாய் வரச்செய்தார் என்று மார்மன் புத்தகம் சொல்லுகிறது. 1852 முதல் 1978 வரை ஆப்பிரிக்க வம்சத்து ஆண்களுக்குக் குருத்துவம் கிடையாது என்று அச்சபை வைத்திருந்தது. 1978-ல் புது வெளிப்பாடு வந்து தடை நீங்கிற்று. 2013-ல் பழைய வியாக்கியானங்களையும் சபை கைகழுவிவிட்டது. நல்லதுதான். ஆனால் அமெரிக்க மனிதர்கள் 1964-லேயே சிவில் உரிமைச் சட்டம் செய்துவிட்டார்கள். எல்லாம் அறிந்த கடவுளுக்கு மனிதனுக்குப் பின் பதினான்கு வருஷம் கழித்தா புத்தி வரவேண்டும்?

இந்த மதத்துப் பிரசாரகர்கள் 1853-லேயே சென்னைக்கு வந்தார்கள். 2018-ல் பெங்களூரில் ஆலயம் கட்டப்போவதாய் அறிவித்தார்கள். கறுப்பைச் சாபமென்று எழுதிய புத்தகத்தைக் கறுத்த தமிழன் கையில் கொடுப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

அப்படியானால் நிசேயா தீர்மானத்தைத் தவறாமல் ஓதும் கிறிஸ்தவமாவது யோக்கியமானதா? வெகுதூரம் போகவேண்டாம். நமது கள்ளக்குறிச்சி ஜில்லா, உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து எறையூருக்குப் போவோம். அங்கே ஆதித்திராவிடக் கத்தோலிக்கர்கள் கோயிலிலும், பிணம் போகும் பாதையிலும், கல்லறையிலும் தங்களை ஒதுக்குவது பொறுக்காமல், தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9-ந் தேதி ஜாதிக் கத்தோலிக்கர்கள் அவர்களைத் தாக்கினார்கள். கலகம் முற்றி, போலீசார் சுட்டதில் இரண்டு உயிர் போயிற்று. இரு தரப்பாருக்கும் கடவுள் ஒன்று, போப் ஒருவர், மாதா ஒருத்தி. பிதாவும் குமாரனும் ஒரே பொருள் என்று நம்ப முடிந்தவர்களுக்கு, சேரிக்காரனும் ஊர்க்காரனும் ஒரே மனிதப் பிறவி என்று நம்ப முடியவில்லை!

லீப்சிக் மிஷன் சபைக்குள் ஜாதிக்கு இடங்கொடுத்ததைப் பொறுக்காமல் ஓக்ஸ் என்ற பாதிரியார் அதைவிட்டு விலகி, 1860-களில் டேனிஷ் மிஷன் சார்பில் பழைய தென்னாற்காடு ஜில்லாவில் வேலை செய்தார். அவரை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் மனிதனை மனிதனாய் நடத்த ஒரு பாதிரியார் தம் சபையைவிட்டு வெளியேறவேண்டியிருந்தது என்றால், அந்தச் சபையின் யோக்கியதை என்ன?

"மார்மன்கள் சாராயம் தொடுவதில்லை, காப்பி தேயிலைகூடக் குடிப்பதில்லையே, இந்த நன்மையையாவது ஒப்புக்கொள்ளக் கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். தாராளமாய் ஒப்புக்கொள்ளுகிறோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதைக் கண்ட ஊரார் நாம். ஆனால் மெத்தனால் கண்ணைக் கெடுக்கும், உயிரை வாங்கும் என்பதை அறிய தேவதூதன் எதற்கு? ரசாயனம் படித்த பையன் சொல்லுவான். அந்தச் சாவுக்குப் பின் கல்வராயன் மலை ஜனங்களின் நிலைமையைச் சென்னை ஹைகோர்ட்டே கையிலெடுத்து விசாரித்தது. 1976-ல் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் வரை ஜாகீர்தார்கள் கையில் கிடந்த மலை அது. அங்கே குறைவாயிருந்தவை ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பிழைக்க ஒரு தொழில். புது வேதம் வேண்டுமென்று அங்கே எவரும் வழக்குப் போடவில்லை.

ஆகவே தோழர்களே, எந்தச் சபைக்காரர் புத்தகத்தோடு வந்தாலும் அவருடைய கடவுள் ஒருவரா மூவரா என்று கேட்டுப் பொழுதை வீணாக்காதீர்கள். "உமது சான்றைக் கண்ணில் காட்டுவீரா? உமது கோயிலுக்குள் எங்கள் சேரியான் எந்த வரிசையில் உட்காருவான்? அவன் பிணம் எந்தத் தெரு வழியாய்ப் போகும்?" என்று கேளுங்கள். பதில் வரட்டும்; அதன்பிறகு எது மெய்க் கிறிஸ்தவம் என்று பேசிக்கொள்ளலாம்.