பாட்டும் பொருளும்

பழகிய பாட்டின் பொருளை முற்றும் அறிந்துவிட்டோம் என எண்ணுதல் தவறு. பாட்டை இயற்றியவர்க்கே அதன் பொருள் பிற்காலத்தில் விளங்குதலும் உண்டு.

இங்கிலாந்து நாட்டு லிவர்பூல் நகரத்தவரான பால் மெக்கார்ட்னி, 1956ஆம் ஆண்டில், தம் 14ஆம் வயதில் தாயை இழந்தார். ‘நேற்று’ எனப் பொருள்படும் ‘யெஸ்டர்டே’ என்னும் அவருடைய பாட்டை, பீட்டில்ஸ் இசைக்குழு 1965இல் வெளியிட்டது. காதலியைப் பிரிந்த ஒருவனின் புலம்பல் என்றே உலகத்தார் அதனைக் கொண்டனர். அவரும் அவ்வாறே எண்ணியிருந்தார். ஆண்டுகள் பல கழிந்த பின்னரே, தாயை இழந்த சிறுவனின் துயரமும் அதிற் கலந்திருக்கலாம் என உணர்ந்தார்.

ஆதலின், இளமையில் மனனம் செய்த பாட்டைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுதல் கூடாது. இன்று விளங்காத அடி, துன்பம் வரும் நாளில் தானே வந்து துணை நிற்கும்.