தினமும் எழுதத்தான் வேண்டுமா?



போன வாரம் நான்கு நாள் நான் இங்கே ஒன்றும் எழுதவில்லை. ஐந்தாம் நாள் பஹ்ரைனிலிருந்து ஒரு போன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். அங்கே மீன்பிடிப் படகில் வேலை. "டீச்சருக்கு சொகமில்லியா? கரைக்கு வந்ததும் மொதல்ல உங்க எழுத்தத்தான் பாப்பேன். நாலு நாளா காணலியே" என்றான். பொய் சொல்ல மனம் வரவில்லை. "சோம்பல்தான் மக்கா" என்றேன். சிரித்தான். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

"எதுக்கு பெரியம்மா தினமும்? தோணும்போது எழுதுங்க, நல்லா இருக்கும்" என்பாள் என் தங்கை மகள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. எழுத ஒன்றும் இல்லாத நாளில் பூப்படம் போட்டு காலை வணக்கம் சொல்லி நானும் ஒப்பேற்றியிருக்கிறேன். அது எழுதியதாகாது.

ஆனால், தோன்றும்போது எழுதுவோம் என்றிருந்தால் தோன்றவே தோன்றாது. நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. நாகர்கோவில் பார்வதிபுரத்தில் இருக்கும் எழுத்தாளர் ஜெயமோகன், மகாபாரதத்தை 'வெண்முரசு' என்று 2014 ஜனவரி 1 முதல் நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் எழுதினார். 2020 ஜூலையில் முடித்தபோது 26 நாவல்கள். இடையில் ஓய்வு இல்லாமல் இல்லை. ஒரு நாவல் முடிந்து அடுத்தது தொடங்கும்முன் இடைவெளி விட்டார். அவர் அளவுக்கு நம்மால் ஆகாது. ஆனாலும் இடைவெளியை எங்கே விடுவது என்பதை அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

நம் ஊரில் கரமடி இழுக்கிறவர்கள், பாடு கிடைக்கும் என்று உறுதி தெரிந்தா மடி வளைக்கிறார்கள்? முட்டம் கலங்கரை விளக்கு, கப்பல் வருகிறதா என்று பார்த்துவிட்டா எரிகிறது? வருகிறவனுக்கு அது அங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

வழி ஒன்றும் புதிதில்லை. பள்ளியில் நாளைய பாடத்துக்குப் பாடக்குறிப்பை இன்றே எழுதுவோம். வகுப்பில் போய் நின்றுகொண்டு யோசிக்கிறவர் மாட்டிக்கொள்வார். இனி நானும் அப்படித்தான். இரவே எழுதி வைப்பேன். உடம்பு முடியாத நாளுக்கென்று மூன்று குறிப்புகள் எப்போதும் கையிருப்பில் இருக்கும். பத்து வரி போதும். ஆனால் என் சொந்த வரியாக இருக்க வேண்டும். மற்றவர் அனுப்பியதை எடுத்துப் போடமாட்டேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6 மணிக்கு எழுத்து வரும். சனி, ஞாயிறு விடுமுறை. லீவு எடுப்பதானால் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். 'தினமும்' என்று சொல்லிவிட்டு நடுவில் காணாமல் போவதைவிட, வாரம் ஐந்து நாள் என்று சொல்லி ஐந்து நாளும் வருவது மேல் என்பது என் கருத்து.

முப்பது வருடத்துக்கு மேல் உங்களுக்கு நான் ஆஜர் போட்டேன். இனி நீங்கள் எனக்குப் போடுங்கள். வராத நாளில் தயங்காமல் கேளுங்கள், அந்தப் பையன் கேட்டதுபோல.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
கடியப்பட்டணம்