வீட்டுக்கு மட்டும் தேதியா?

2022க்குள் அனைவருக்கும் வீடு என்று 2015இல் மத்திய அரசு முழங்கியது. 2022 போயே போய்விட்டது. மும்பைக் குடிசைகளில் நாம் இன்னும் பத்துக்குப் பத்து அறையில்தான் முடங்கிக் கிடக்கிறோம்.

தாராவிக்கு இப்போது திட்டம் வந்திருக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி, இலவசம். பின்னர் 2011 ஜனவரி 1க்குள் வந்தவருக்கு வெளியே எங்கோ 300 சதுர அடி, இரண்டரை லட்ச ரூபாய்க்கு. மாடியில் இருப்பவருக்கோ வெளியே வாடகை வீடுதான்!

தோழர்களே! தோல் பதனிடவும் இட்லிக் கூடை சுமக்கவும் சாக்கடை அள்ளவும் நாம் வந்தபோது எவன் தேதி கேட்டான்? ஏணியில் ஏறி மாடியில் படுப்பவன் யார்? நம் தம்பி, நம் பட்டறைத் தொழிலாளி. பிழைப்பு இங்கே, படுக்கை எங்கோ என்றால் பாதிக் கூலியை ரயிலும் பஸ்ஸுமே தின்றுவிடாதா?

நமக்குக் கிடைத்தால் போதும் என்று கீழ்வீட்டார் ஒதுங்கினால், நம்மைப் பிரித்தாள்பவர்களுக்கே லாபம். ரேஷன் கார்டையும் மின்கட்டண ரசீதையும் பத்திரமாக வையுங்கள். கணக்கெடுக்க வந்தால் மாடிவீட்டாரையும் அழைத்து நிறுத்துங்கள்.

தேதி பாராமல், தளம் பாராமல், பிழைக்கும் இடத்திலேயே வீடு! இதுவே நம் கோரிக்கை. மாடியும் தரையும் ஒன்றாய்க் கேட்போம்!