வரப்போகும் காரும் நமது வெயிலும்

செவ்வாய்க்கிழமை நண்பகலில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வீதியில் நின்று பாருங்கள். பக்தர் கூட்டம், முச்சக்கரவண்டிகள், துறைமுகத்துப் பாரஊர்திகள். எல்லாவற்றுக்கும் மேலாக வெயில். வரப்போகும் மலிவான மின்சாரக் கார் எப்படியிருக்கும் என்ற ஊகத்தை இங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

நண்பர்கள் கண்ணாடிக் கூரையையும் பெரிய தொடுதிரையையும் பற்றிப் பேசுகிறார்கள். என் கவலை இருக்கைக்கு அடியிலுள்ள மின்கலத்தைப் பற்றியது.

2010இல் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரின் மின்கலத்துக்குத் திரவக் குளிரூட்டல் இருக்கவில்லை. 2012இல் அமெரிக்காவின் அரிசோனாவில், வெப்பத்தால் மின்கலத்தின் கொள்ளளவு விரைவாகக் குறைகிறது என்று உரிமையாளர்கள் முறையிட்டார்கள். 2015 அளவில் குறைந்த வரியினால் பாவித்த லீஃப் கார்கள் நமது நாட்டுக்கும் நிறையவே வந்தன. 2025இல் அறிமுகமான மூன்றாம் தலைமுறை லீஃபில்தான் திரவக் குளிரூட்டல் சேர்ந்தது. பாடம் படிக்கப் பதினைந்து ஆண்டுகள்!

2020இல் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் நீங்கியது. இனி விலைப்போட்டி வரும். செலவைக் குறைக்க எதை வெட்டுவார்கள்? திரையை வெட்டமாட்டார்கள், அது காட்சியறையில் கண்ணைப் பறிப்பது. கண்ணுக்குத் தெரியாத குளிரூட்டலில்தான் கைவைப்பார்கள் என்று அஞ்சுகிறேன்.

நம்மூரில் கார் ஒரு கையோடு நிற்பதில்லை. முதலாமவர் திரையை அனுபவிப்பார். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் மூன்றாமவர் தளர்ந்த மின்கலத்தைச் சுமப்பார். ஆகவே, நிறத்தைக் கேட்பதற்கு முன் குளிரூட்டலைக் கேளுங்கள்.