நீர் எங்கே போகிறது?

மைசூர்ச் சாலையில் ஸ்ரீரங்கப்பட்டணத்தருகே கொதித்து நிற்கும் வண்டிகளை நண்பர்கள் கண்டிருக்கலாம். பக்கத்திலேயே காவிரி! ஒரு வாளி நீரை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார்கள். இதை வைத்தியம் என்று நான் ஒப்பமாட்டேன்.

மூடிய குழாய்களுக்குள் சுற்றும் நீர் அடிக்கடி குறைகிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதையன்றோ தேடவேண்டும்? சூட்டோடு மூடியைத் திறப்பது மடமை. அழுத்தத்தால்தான் உள்ளிருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதியாதிருக்கிறது. திறந்ததும் முகத்தில் சீறும். இஞ்சின் நன்றாக ஆறட்டும். பிறகு ரப்பர்க் குழாய்களையும் வாட்டர் பம்பையும் வண்டியின் அடியையும் பாருங்கள். எங்கும் ஈரமில்லையா? அப்போதுதான் அஞ்சவேண்டும். இஞ்சின் சூடேறிய பின்னும் விடாத வெண்புகை, பால்விட்ட காப்பி நிறத்தில் ஆயில்: பெரும்பாலும் ஹெட் காஸ்கெட் போயிருக்கும். அப்படியே ஓட்டினால் அலுமினிய ஹெட் வளையும். சில நூறு ரூபாய்க் குழாயில் தொடங்கியது பல்லாயிரத்தில் முடிவதும் உண்டு.

பிருந்தாவனத்திற்கு உல்லாசப் பயணம் போக வேன் அமர்த்தும் நம்மவர் வாடகைக்கு மட்டும் மணிக்கணக்கில் பேரம் பேசுகிறார்கள். "அண்ணே, ரேடியேட்டருக்கு எத்தனை நாளைக்கொரு தரம் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?" என்றும் கேளுங்கள். "தினமும்" என்றால் வேறு வேன் பாருங்கள்.