பல்லுக்கு உதவும் மலைத்தழை

உதகைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கையோடு கொண்டுவரும் பொருள்கள் வழக்கமாக மூன்று: தேயிலை, வர்க்கி, தைலம். தைலத்திலும் இரண்டு வகை முக்கியமானவை. ஒன்று யூகலிப்டஸ் தைலம். தமிழ்நாட்டில் இதற்கு 'நீலகிரித் தைலம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இத்தனைக்கும் யூகலிப்டஸ் மரம் நீலகிரிக்கு உரியதன்று. 1843-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து குடியேறிய மரம் அது. மற்றொன்று 'விண்டர்கிரீன்' தைலம். இதைத் தரும் செடி நீலகிரியின் சொந்தப் பிள்ளை; யாரும் நடாமல் தானாக முளைத்து வளர்வது. ஆனால், கடைப் பலகையில் அதற்கு ஆங்கிலப் பெயர்தான் எழுதியிருக்கிறது. வந்தவனுக்கு ஊர்ப் பெயர், பிறந்தவனுக்கு அயலூர்ப் பெயர் என்ற கதையாக இருக்கிறது இது.

பெயர் போனால் போகட்டும். அந்தச் செடியின் குணத்தையும், அதன் பயனையும், அதிலுள்ள அபாயத்தையும் ஜனங்கள் அறிந்திருக்கிறார்களா என்பதே கேள்வி. பல் வலிக்கும் மூட்டு வலிக்கும் என்று சொல்லி விற்கப்படும் ஒரு சிறு புட்டியில் எவ்வளவு விஷயம் அடங்கியிருக்கிறது என்பதை அறிந்தால் ஆச்சரியப்படாமல் இருக்க முடியாது.

கேத்தியின் காட்டுச் செடி

குன்னூரிலிருந்து மலை ரயிலில் உதகைக்குப் போகும் வழியில், அரவங்காட்டுக்கும் லவ்டேலுக்கும் இடையில் இருக்கிறது கேத்தி. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் பள்ளத்தாக்கு. சரிவெல்லாம் படிப்படியாக வெட்டிய காரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் தோட்டங்கள். அவற்றுக்கு அப்பால் தேயிலை. இவற்றுக்கெல்லாம் முன்பு இந்த மலைகளை ஆண்டவை சோலைக் காடுகளும் புல்வெளிகளுமே. அந்தச் சோலைகளின் ஓரத்தில் வளரும் புதர்களில் ஒன்றுதான் இந்த விண்டர்கிரீன்.

தாவர நூலார் இதைக் 'கால்தீரியா பிராக்ரன்டிசிமா' என்கிறார்கள். 'மிக்க வாசனையுடையது' என்பது பின்பாதியின் பொருள். பழைய நூல்களில் நீலகிரிச் செடிக்குத் தனியாக 'லெஷனோல்ட்டி' என்ற பெயரும் உண்டு. நீலகிரியின் செடிகொடிகளைத் திரட்டிய லெஷனோ என்ற பிரெஞ்சுத் தாவர அறிஞரின் நினைவாக வைத்த பெயர் அது. தடித்த, பளபளப்பான இலை, சிறு குடங்களைக் கவிழ்த்தாற்போல் வெண்ணிறப் பூக்கள், கருநீலக் காய். இலையைச் சும்மா முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. கசக்கி முகர்ந்தால் மூக்கில் ஏறும் மணம், சுளுக்குக்குத் தடவும் களிம்பின் மணமேதான்.

கசக்கினால் மட்டும் மணம் வருவானேன்? இங்கேதான் ரசாயனம் ஆரம்பமாகிறது. இலைக்குள் அந்த வாசனைப் பொருள் தனியாக இல்லை. இரண்டு சர்க்கரைகளோடு பிணைக்கப்பட்டு, மணமற்ற ஒரு கூட்டுப்பொருளாக அடைபட்டிருக்கிறது. அதன் பெயர் கால்தீரின். பூட்டைத் திறக்கும் சாவியும் அதே இலையில்தான் இருக்கிறது. ஆனால் வேறு அறையில். அந்தச் சாவி ஒரு நொதிப்பொருள். இலை கசங்கி, இரண்டும் ஈரத்தில் சந்தித்ததும் சர்க்கரை பிரிந்து விலக, மீதைல் சாலிசிலேட் என்ற எண்ணெய்ப் பொருள் வெளிப்படுகிறது. தைலம் காய்ச்சுகிறவர்கள் தழையை உடனே அடுப்பேற்றாமல் வெதுவெதுப்பான நீரில் ஊறப்போடுவது இதனால்தான். ஊறாத தழையில் தைலம் குறையும். ஊறிய தழையாக இருந்தாலுங்கூட, நூறு கிலோவுக்கு ஒரு கிலோவுக்கு மேல் தைலம் கிடைப்பது அரிது.

இன்னொரு விசேஷமும் உண்டு. பெரும்பாலான வாசனைத் தைலங்கள் நீரில் மிதக்கும். யூகலிப்டஸ் தைலமும் மிதக்கும். விண்டர்கிரீன் தைலமோ நீரைவிடக் கனமானது. அடியில் போய் உட்காரும். காரணம், அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் மீதைல் சாலிசிலேட்தான். இவ்வளவு தூய்மையாக ஒரே பொருளைத் தரும் மூலிகைகள் உலகில் அதிகம் இல்லை. அமெரிக்க விண்டர்கிரீன் செடியின் தைலத்தை ஆராய்ந்து, அதன் ரசாயன அமைப்பை 1843-ல் வெளியிட்டவர் காஊர் என்ற பிரெஞ்சு அறிஞர். யூகலிப்டஸ் நீலகிரியில் கால் வைத்த ஆண்டும் அதுவே என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

உதகையில் நடந்த ஆராய்ச்சி

நீலகிரிச் செடியின் ரசாயனத்தை ஆராய்ந்த கதை இன்னும் சுவையானது. மலேரியாவுக்கு மருந்தாகிய சிங்கோனா மரங்களை அரசாங்கம் நீலகிரியில் பயிர் செய்துவந்த காலம். மரப்பட்டையைச் சோதிப்பதற்கென்று 1866-ல் பிராட்டன் என்ற ரசாயன நிபுணர் உதகையில் நியமிக்கப்பட்டார். சிங்கோனாவோடு அவர் நின்றுவிடவில்லை. மலையில் மண்டிக் கிடந்த இந்தக் காட்டுச் செடியின் தைலத்தையும் எடுத்து ஆராய்ந்தார். அது அமெரிக்கத் தைலத்துக்கு நிகரானது என்று கண்டார். 1870-களின் தொடக்கத்தில் அவர் அரசாங்கத்துக்குச் சொன்ன யோசனைதான் முக்கியம். தைலத்திலிருந்து சாலிசிலிக் அமிலத்தைப் பிரிக்கலாம். அதைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சினால் கார்பாலிக் அமிலம் கிடைக்கும் என்றார் அவர்.

கார்பாலிக் அமிலத்துக்கு அப்போது இருந்த மதிப்பை இன்று ஊகிப்பது கடினம். ரண சிகிச்சையில் கிருமிகளைக் கொல்ல அதை உபயோகிக்கலாம் என்று லிஸ்டர் என்ற வைத்தியர் உலகுக்கு அறிவித்தது 1867-ல். சில ஆண்டுகளுக்குள் அதே பொருளை நீலகிரித் தழையிலிருந்து எடுத்துக் காட்டினார் பிராட்டன். சரக்கு நயமாகத்தான் இருந்தது. ஆனால் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கார்பாலிக் அமிலம் கப்பலில் மலிவாக வந்து இறங்கியது. தழை தோற்றது, தார் ஜெயித்தது. மலைச் செடி மறுபடியும் காட்டுச் செடியாகவே நின்றுவிட்டது.

வாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

லிஸ்டரின் பெயரைத் தாங்கி 1879-ல் அமெரிக்காவில் ஒரு கிருமிநாசினி பிறந்தது. அதுவே 'லிஸ்டரின்' என்ற வாய் கொப்பளிக்கும் மருந்து. அதன் சரக்குகள் நான்கு: யூகலிப்டால், மென்தால், தைமால், மீதைல் சாலிசிலேட். இவற்றில் தமிழ் வீட்டுக்குப் புதியது எது? யூகலிப்டால், நீலகிரித் தைலத்தின் சாரம். மென்தால், புதினா இனத்தின் சாரம். தைமால், அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் ஓமத்தின் சாரம். நான்காவது, கேத்திச் சோலையின் ஓரத்தில் நிற்கும் இந்தப் புதரின் சாரம். 1987-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் இந்தக் கலவைக்குத் தன் முத்திரையை அளித்தது.

'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்ற பழமொழியை அறியாத தமிழர் இல்லை. பல்லைக் காப்பதில் மரப்பட்டைக்கும் தழைக்கும் பங்கு உண்டு என்பது இந்த நாட்டுக்குப் புதிய செய்தியன்று. பல் எப்படிக் கெடுகிறது என்பதை விஞ்ஞானம் இன்று தெளிவாகச் சொல்லுகிறது. பல்லின்மேல் படியும் மெல்லிய படலத்தில் கிருமிகள் குடியிருக்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் ஓர் அளவைத் தாண்டும்போது பல்லின் வெண்மேற்பூச்சு கரையத் தொடங்குகிறது. முன்சொன்ன சாரங்கள் அந்தப் படலத்துக்குள் புகுந்து கிருமிகளின் மேலுறையைச் சிதைக்கின்றன. தேய்த்து விளக்குவதற்கு இவை ஈடாகா, துணையாகும். உலகில் சுமார் 350 கோடி மக்கள் ஏதாவது ஒரு வாய் நோயால் அவதிப்படுவதாக உலகச் சுகாதார ஸ்தாபனம் 2022-ல் அறிவித்தது. இந்த நிலையில் எந்தத் துணையையும் அலட்சியம் செய்வதற்கில்லை.

அளவு மீறினால் நஞ்சு

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வாய் மருந்தில் மீதைல் சாலிசிலேட்டின் அளவு நூற்றுக்கு 0.06 பங்குதான். கடையில் வாங்கும் சுத்தமான தைலம் அதைப்போல் ஆயிரத்து அறுநூறு மடங்கு காரமானது. மீதைல் சாலிசிலேட் ஆஸ்பிரினின் நெருங்கிய உறவினன். ஒரு தேக்கரண்டித் தைலம் இருபதுக்கு மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். ஒரு சிறு குழந்தையின் உயிரைப் பறிக்க அந்த ஒரு தேக்கரண்டியே போதும். இனிய மணம், அழகான சிறு புட்டி, திருகினால் திறந்துகொள்ளும் மூடி. இதைவிட அபாயமான சேர்க்கை ஒரு வீட்டுக்குள் வேறு என்ன இருக்க முடியும்?

'காட்டு மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. பல் வலிக்குப் பஞ்சில் நனைத்து வைப்பதும், வெந்நீரில் சில சொட்டு விட்டுக் கொப்பளிப்பதும் இந்த எண்ணத்தின் விளைவே. தைலம் நீரில் கரையாது; அடியில் தங்கும். கடைசி மடக்கில் முழுக் காரமும் நாக்கில் இறங்கும். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தோலில் அதிகமாகத் தடவுவதுகூட ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடலாம். அமெரிக்காவில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் இந்தப் பொருள் கலந்த திரவங்களுக்குக் குழந்தைகளால் திறக்க முடியாத மூடி வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மலைக்கடைகளில் விற்கும் புட்டிக்கும் அத்தகைய மூடியும், 'உட்கொள்ளக் கூடாது; குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்' என்று கொட்டை எழுத்தில் தமிழ்ச் சீட்டும் கட்டாயமாக வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு பெரிய தொகையன்று; தடுக்கும் நஷ்டமோ ஈடு செய்ய முடியாதது.

அசலும் போலியும்

அடுத்த விஷயம் நாணயம். மீதைல் சாலிசிலேட்டைத் தொழிற்சாலையில் மலிவாகச் செய்துவிடலாம். அதைப் புட்டியில் ஊற்றி, இலைப் படம் போட்ட சீட்டை ஒட்டினால் வாங்குகிறவர் கண்டுபிடிப்பது எப்படி? மணம் ஒன்றே, அதுவும் நீரில் மூழ்கும். உண்மையைச் சொல்லக்கூடியது பரிசோதனைச் சாலை மட்டுமே. உயிருள்ள செடியிலிருந்து வந்த பொருளில் 'கார்பன் 14' என்ற அணு மிகச் சிறு அளவில் இருக்கும். பெட்ரோலியத்திலிருந்து செய்த பொருளில் அது இராது. இந்தச் சோதனை இன்று உலக வாணிகத்தில் வழக்கத்தில் இருக்கிறது. அசல் தைலம் என்று விலை கொடுப்பவருக்கு அசலைப் பெறும் உரிமை உண்டு. அசலைக் காய்ச்சும் ஏழைத் தொழிலாளிக்கும் போலியோடு போட்டியிடாமல் பிழைக்கும் உரிமை உண்டு.

செய்ய வேண்டியது

இவற்றுக்கெல்லாம் வேண்டிய வசதி மலையிலேயே இருக்கிறது. உதகையில் ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி இருக்கிறது. எமரால்டில் மத்திய ஹோமியோபதி ஆராய்ச்சிக் கவுன்சிலின் மூலிகை மையம் இருக்கிறது. கேத்தியிலேயே பொறியியல் கல்லூரி இருக்கிறது. எந்த மாதத்துத் தழையில் தைலம் அதிகம், இளந்தழையா முற்றிய தழையா மேல், வடித்தபின் எறியும் சக்கையில் பல்லுக்கும் ஈறுக்கும் உதவும் பொருள் உண்டா, எவ்வளவு நீர்த்த அளவில் வாய்க் கிருமிகள் அடங்கும், எந்த அளவுக்கு மேல் வாய்த்தோல் புண்படும் என்று தெளிவாக்க வேண்டிய கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. பரிசோதனைச் சாலைக்கும் செடிக்கும் இடையே உள்ள தூரம் சில மைல்கள்தான். அதை நடந்து கடக்க மனம் வேண்டும்.

ஆராய்ச்சி வெற்றி பெற்றால் செடிக்கு ஆபத்து வரும் என்பதையும் மறக்கலாகாது. தேவை பெருகினால் வேரோடு பிடுங்கும் ஆசையும் பெருகும். சோலைகள் ஏற்கெனவே சுருங்கியிருக்கின்றன. வந்தேறிய வாட்டில் மரங்கள் புல்வெளிகளை விழுங்கிவருகின்றன. நேபாளத்தில் தோலகா மாவட்டத்துக் கிராமக் குழுக்கள் தாங்களே பேணும் காடுகளில் இதே செடியின் தழையைப் பறித்து, தைலம் வடித்து விற்கின்றன. காட்டைக் காப்பவருக்கே காட்டின் வருமானம் போய்ச் சேருவதால் அவர்கள் வேரை அழிப்பதில்லை. நம் நாட்டிலும் 2002-ம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டமும், 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் அதற்கு வழி செய்திருக்கின்றன. கிளை நுனிகளை மட்டும் கொய்வது, கொய்த புதருக்கு ஓய்வு கொடுப்பது, பயனற்ற சரிவுகளில் நாற்று நட்டுப் பயிராக்குவது, கிடைக்கும் லாபத்தில் மலைமக்களுக்குப் பங்கு தருவது என்ற இந்த நான்கும் ஆராய்ச்சியோடு கூடவே நடக்க வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் உதகையில் ஒரு ரசாயன நிபுணர் இந்தச் செடியின் தகுதியை எடுத்துக் காட்டினார். விலை கட்டவில்லை என்று அன்று அதைக் கைவிட்டார்கள். இன்று அதே சாரம் உலகெங்கும் பற்பசையிலும் வாய் மருந்திலும் மணக்கிறது. அதைத் தந்த செடியோ சொந்த மலையில் ஆங்கிலப் பெயரோடு, எச்சரிக்கைச் சீட்டில்லாத புட்டியில் அடைபட்டு நிற்கிறது. செடியை அறிந்து, அளவறிந்து, காத்து, பயன் கொள்வதே அறிவுடைமை. அரசாங்கமும் கல்லூரிகளும் வியாபாரிகளும் மனம் வைத்தால் அது ஆகாத காரியமன்று. முதல் வேலையாக, குழந்தை திறக்க முடியாத மூடியும் தமிழில் அச்சிட்ட எச்சரிக்கையும் அந்தப் புட்டிக்கு வரட்டும்.